ஒன்பது தொட்டி ஜெரேனியம்

பிரிட்ஜின் நடுத்தட்டில், மோர்ச் சட்டிக்கும் தேங்காய்த் துருவலுக்கும் நடுவே, ஒரு வெள்ளை டப்பா ஆறு வாரமாக இருந்தது. உள்ளே ஈர மணல். மணலுக்குள் விதைகள். மூடியின் மேல் சுனிதா ஒரு தாளை ஒட்டி, 'தொடக்கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். அது யாருக்காக எழுதப்பட்டது என்பதில் கிருஷ்ணமணிக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. அந்த வீட்டில் அவளைத் தவிர இருந்தது அவன் ஒருவன்தான்.

சுனிதா ஸ்காட்லாந்தில் பன்னிரண்டு வருஷம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு அந்த ஜனவரியில்தான் ஆரல்வாய்மொழிக்குத் திரும்பியிருந்தாள். இடையில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் வந்து போவாள். மகள் அஸ்வதியைத் திருவட்டாறில் சுனிதாவின் அக்கா தாணம்மாள் தன் வீட்டில் வைத்துப் படிக்கவைத்தாள். இப்போது அஸ்வதி கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில். கிருஷ்ணமணிக்குக் காற்றாலைகளைப் பழுதுபார்க்கிற கம்பெனியில் வேலை. காலையில் ஏணியில் ஏறினால் சில நாள் சாயங்காலம்தான் இறங்குவான்.

பன்னிரண்டு வருஷமும் குடும்பம் நடந்தது போனில். தினமும் அவளுக்கு வேலை முடிகிற நேரம் பார்த்துக் கூப்பிடுவான்.

"சுகமா?"

"சுகம். அங்க?"

"சுகந்தான்."

அதற்குப் பிறகு அஸ்வதியின் படிப்பு, மழை, சாப்பிட்டது, சாப்பிடாதது. இப்போது ஒரே கூடத்தில் எதிரெதிராக உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. அவன் வேலைக்குப் போய், எண்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு போன் அடித்தால் நன்றாகப் பேசினார்கள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஆளுக்கு ஒரு மூலை.

மார்ச் மாதம் அந்த டப்பாவைத் திறந்து, விதைகளைச் சின்னச் சின்னத் தொட்டிகளில் போட்டாள். ஒரு வாரம் கழித்து அவன் காற்றாலையின் உச்சியில் பெட்டிக்குள் குனிந்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"இஞ்சேருங்க, முளைச்சிட்டு! ஒண்ணு முளைச்சிட்டு! இல்ல, இல்ல, இன்னொண்ணும் மண்ணைப் பொளந்துட்டு வருது!"

கிருஷ்ணமணி ஸ்பானரைக் கீழே வைத்தான். அவள் குரல் இப்படி ஏறி இறங்கி அவன் கேட்டு எத்தனை வருஷம் ஆகிவிட்டது என்று யோசித்தான். அஸ்வதி முதல் அடி எடுத்துவைத்தபோது இப்படித்தான் அடுக்களையிலிருந்து கத்தினாள்.

"என்ன செடி அது?" என்று அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டான்.

"ஜெரேனியம்" என்றாள். போனில் படம் காட்டினாள். நீலத்தில் ஐந்து இதழ். கை விரலை விரித்து வைத்ததுபோல் வெட்டு வெட்டாக இலை. "பூ உதுந்த பிறகு காய் கொக்குக்க மூக்கு மாதிரி நீட்டிட்டு நிக்கும். காஞ்சா சட்டுனு வெடிச்சு விதை தெறிக்கும். பனியில மொத்தமா பட்டுப் போயிரும், ஒரு இலை இருக்காது. செத்துப் போச்சுன்னு நெனப்போம். பிறகு வெயில் வந்தா துளுத்துட்டு நிக்கும். எனக்க வீட்டுக்குப் பின்னால நின்ன செடி."

திருவட்டாறுப் பேச்சு அவளை விட்டுப் போகவில்லை. 'எனக்க', 'உனக்க' என்று அவள் சொல்வதைக் கல்யாணமான புதிதில் கிண்டல் பண்ணியிருக்கிறான்.

மொத்தம் ஒன்பது முளைத்தன. ஒவ்வொரு தொட்டியிலும் ஐஸ் குச்சியில் எண்ணும் தேதியும் எழுதிக் குத்திவைத்தாள். ஏப்ரல் வெயில் ஏறியதும் இலைகள் மதியம் தோறும் துவண்டன. "இதுக்குத் தணுப்பு வேணும். நம்ம ஊருல எங்க இருக்கு தணுப்பு?" என்று அவள் சொன்னது அவன் காதில் விழுந்தது. அவ்வளவுதான், மறுநாளே வேலையைத் தொடங்கிவிட்டான்.

வீட்டுக்குப் பின்னால், மதிலோரமாக, பழைய இரும்பு ஆங்கிளை வெட்டிப் பற்றவைத்து ஒரு கூடு கட்டினான். மேலே தடித்த பாலிதீன் தாள், அதற்கு மேல் பச்சை வலை. ஒரு பக்கம் ராமச்சம் என்கிற வெட்டிவேர் அடைத்த சட்டம். அதில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். எதிர்ப்பக்கம் காற்றை வெளியே இழுக்கிற பெரிய விசிறி. கையில் தெர்மாமீட்டரோடு உள்ளே போய் நின்று, ஐந்து டிகிரி குறைந்திருக்கிறது என்று அவன் காட்டியபோது சுனிதா அந்தச் சட்டத்தில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த பற்றவைப்புத் தூசியைத் தட்டிவிட்டாள்.

"காத்தடிச்சா நிக்குமா?" என்றாள்.

"காத்தைப் பத்தி எங்கிட்ட கேக்கியா?" என்று அவன் சிரித்தான்.

மே மாதக் கடைசியில் தாணம்மாளுக்கு முழங்கால் மாற்றுகிற ஆபரேஷன். அஸ்வதியை வளர்த்தவள். கூட இருந்து பார்க்க சுனிதாவைவிட்டால் ஆளில்லை. "ஒரு மாசம் ஆகும். செடியைப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத் திருவட்டாறுக்குப் பஸ் ஏறினாள்.

கிருஷ்ணமணி பார்த்துக்கொண்டான். அதுதான் தப்பாகப் போயிற்று. காலையில் ஒரு தடவை தண்ணீர், மாலையில் ஒரு தடவை. ராமச்சத்தில் நாள் முழுக்கத் தண்ணீர் சொட்ட, விசிறி நாள் முழுக்கச் சுற்றிற்று. ஜூனில் சாரல் தொடங்கி ஊரே நனைந்து கிடந்தபோதும் அவன் எதையும் நிறுத்தவில்லை. கூட்டுக்குள் நுழைந்தால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது. செடிக்கு இது சுகமாக இருக்கும் என்றுதான் நினைத்தான்.

முதலில் மூன்றாம் எண் சாய்ந்தது. இரண்டு நாளில் ஆறும் ஏழும். நிமிர்த்தி வைக்கலாம் என்று மூன்றாம் எண்ணைத் தொட்டான். அது கையோடு வந்துவிட்டது. அடித்தண்டு கறுத்துக் கொழகொழவென்று இருந்தது. வேர் என்று ஒன்று இல்லவே இல்லை. பதறிப்போய் உரம் போட்டான். ஜூன் பதினெட்டாம் தேதி ஒன்பதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவட்டாறுக்குப் போனான். தாணம்மாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

"செடி எப்படி இருக்கு?" என்று சுனிதா கேட்டாள்.

"சுகமா இருக்கு" என்றான் கிருஷ்ணமணி. பன்னிரண்டு வருஷமாகப் பழகிய வார்த்தை, யோசிக்கும் முன்னால் தானாகவே வந்துவிட்டது.

மறுநாள் வேலையில் மகேஷ்குமாரிடம் விஷயத்தைச் சொன்னான். மகேஷ்குமார் அவனைவிடப் பத்து வயது இளையவன், கூடவே ஏறுகிறவன்.

"வேற வாங்கி வச்சிர வேண்டியதுதானே அண்ணே? ஜெரேனியம் கொடைக்கானல்ல கெடக்கு. நான் பாத்திருக்கேன்."

"அவளுக்கு வித்தியாசம் தெரியுமா வே?"

"எங்க வீட்டுல கரண்டி எடம் மாறினாலே தெரியும். மதனி நர்ஸ் வேற." மகேஷ்குமார் கொஞ்ச நேரம் யோசித்தான். "ஆனா உண்மையைச் சொன்னா அதைவிட லேசாட்டுல்லா இருக்கும்?"

கிருஷ்ணமணி இரண்டு நாள் லீவு எழுதிக்கொடுத்தான்.

கொடைக்கானலில் மூன்று நர்சரி ஏறி இறங்கினான். நான்காவதில், ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மாள் யாரோ ஹோட்டல்காரருக்குச் செடி எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "ஜெரேனியமா? எந்த ஜெரேனியம்?" என்றாள். அவன் போனில் சுனிதாவின் செடியைக் காட்டினான். பூவில்லாத, இலை மட்டும் தெரிகிற படம். அவள் ஒரு பார்வை பார்த்தாள். "இந்த மாதிரி வெட்டு இலைன்னா அந்தக் கோடியில இருக்கு, பாருங்க."

போய்ப் பார்த்தான். கை விரித்தாற்போல் வெட்டு வெட்டாக இலை. படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். இலை கொஞ்சம் தடிப்பு, மேலே மெல்லிய ரோமம். மலைக்காற்றில் வளர்ந்தது அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். ஒன்பது பொறுக்கினான்.

"பூ நீலந்தானே?" என்று மட்டும் கேட்டான்.

"இதைப் பூவுக்காக யாரும் வாங்க மாட்டாங்க சார். இலைக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டாள்.

மதுரையிலிருந்து நாகர்கோயில் பஸ்ஸில், ஒன்பது செடிகளையும் இரண்டு அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, காலுக்கு இடையில் ஒன்றும் மடியில் ஒன்றுமாக வைத்துக்கொண்டான். திருமங்கலம் தாண்டி டிரைவர் ஒரு பிரேக் போட்டதில் மடியிலிருந்த பெட்டி முன்சீட்டில் இடித்து இலைகள் கசங்கின. அவ்வளவுதான், பஸ் முழுக்க ரோஜா வாசம்.

முன்சீட்டிலிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். "அண்ணாச்சி, பன்னீர்ப் பாட்டில் ஒடைஞ்சிட்டா?"

"இல்லம்மா. செடி."

"என்ன செடி? பூவே இல்லியே?"

கிருஷ்ணமணி ஒரு இலையைக் கிள்ளி மோந்து பார்த்தான். ரோஜாவேதான். சுனிதாவின் செடிகளை அவன் எத்தனை தடவை தொட்டிருக்கிறான், அழுகிக் கிடந்தபோது வழித்து எடுத்திருக்கிறான். மண்ணும் பச்சையும் தவிர அவற்றில் ஒரு வாசமும் இருந்ததில்லை. இறங்கித் திரும்பிப் போகலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தான். பக்கத்து சீட்டுக்காரர் அதற்குள் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தார். "நல்ல வாசம் தம்பி, அந்தப் பெட்டியை அங்கேயே வச்சிரும்" என்று தூக்கத்திலேயே சொன்னார்.

வீட்டுக்கு வந்து, சுனிதாவின் தொட்டிகளில் பழைய மண்ணைக் கொட்டிவிட்டுப் புதுச் செடிகளை நட்டான். ஐஸ் குச்சிகளைக் கழுவி, எண் வரிசை மாறாமல், அந்தந்தத் தொட்டியில் அந்தந்தக் குச்சியைக் குத்தினான். 'மூன்று, மார்ச் 21' என்று அவள் எழுத்தில் இருந்த குச்சியைக் குத்தும்போது கை கூசியது.

ஜூன் கடைசியில் சுனிதா வந்தாள். பையைக்கூட உள்ளே கொண்டுபோகாமல் நேராகக் கொல்லைக்குப் போனாள். கிருஷ்ணமணி கூட்டுக்கு வெளியே ரப்பர் ஹோஸைக் கையில் பிடித்தபடி நின்றான். ஹோஸில் தண்ணீர் வரவில்லை. பாலிதீனுக்கு அப்பால் அவள் உருவம் மங்கலாகத் தெரிந்தது. குனிந்தாள். ஒவ்வொரு தொட்டியாக நகர்ந்தாள். ஒரு இலையைத் தேய்த்து விரலை மூக்கருகே கொண்டுபோனாள். அப்புறம் வெகுநேரம் அசையாமல் நின்றாள்.

வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நல்லா வளந்திருக்கு" என்றாள். "நான் இல்லாம இருந்தாத்தான் நல்லா வளரும் போல."

அவன் சிரித்தான். அவள் சிரித்தாளா இல்லையா என்பதைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு சொல்வதற்கு எத்தனையோ சமயம் வாய்த்தது. சாப்பிடும்போது வாயெடுப்பான், அவள் நிமிர்ந்து பார்ப்பாள், "ரசம் நல்லாருக்கு" என்று முடிப்பான். சுனிதா செடிகளைக் கவனிக்கத்தான் செய்தாள். ஆனால் முன்போல் தினமும் அல்ல, மூன்று நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டாள். ராமச்சத்துக்குப் போகிற குழாயை அடைத்துவிட்டாள். ஒருநாள், "உள்ள அவிஞ்சு கெடக்கு. மேற்கால ஒரு ஜன்னல் வெட்டித் தாங்க" என்றாள்.

மேற்குப் பக்கம் என்றால் கணவாய்க் காற்று நேரே வந்து மோதுகிற பக்கம். ஆடி வேறு நெருங்குகிறது. வேறு யாராவது கேட்டிருந்தால் பைத்தியமா என்று கேட்டிருப்பான். ஆனால் அந்த நாட்களில் அவள் எதைக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. இரண்டடிக்கு இரண்டடி வெட்டிக் கொடுத்தான்.

ஆடி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கிருஷ்ணமணி முற்றத்தில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். மலைக்கும் மலைக்கும் நடுவே இரைச்சல் ஏறுவது காதில் கேட்டது. எந்த இரைச்சல் சும்மா, எந்த இரைச்சல் நிஜம் என்று அவனுக்குத் தெரியும். துணியை எறிந்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினான். ஜன்னல் வழியாகப் புகுந்த காற்று வெளியே போக வழியில்லாமல் பாலிதீனை உள்ளிருந்து ஊதிப் பெருக்கிக்கொண்டிருந்தது. கயிறுகள் விண்ணென்று தெறித்தன. வடக்கு மூலை போல்ட் கழன்றது.

தாளின் ஓரத்தை எட்டிப் பிடித்தான். காற்று அவனையும் சேர்த்து இரண்டடி இழுத்தது.

"விடுங்க!" சுனிதா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். "கையை விடுங்க! போனா போட்டு!"

அவன் விடவில்லை. அவள் பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இன்னொரு வீச்சு வந்தது. வலது தோளில் ஏதோ கழன்றதுபோல் ஒரு வலி. அவன் வாய்விட்டு அலறிவிட்டான். தாள் கையை விட்டு, பச்சை வலையையும் இழுத்துக்கொண்டு மதிலைத் தாண்டிப் பறந்து, பக்கத்து வீட்டு ரசலையனின் புளியமரத்தில் போய்ச் சுற்றிக்கொண்டது. விசிறி கீழே விழுந்து உருண்டது. இரும்புக் கூடு மட்டும் வெறுமனே நின்றது. தொட்டிகளில் இரண்டு சாய்ந்திருந்தன.

சுனிதா அவனை அடுக்களைப் படியில் உட்காரவைத்து, சட்டையைக் கழற்றி, தோளைத் தடவிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கை அது, வலிக்கிற இடம் தெரிந்து நகர்ந்தது. சட்டென்று ஒரு இடத்தில் நின்றது.

"இது இன்னைக்குள்ள அடி இல்ல. பழசு. எப்ப விழுந்தீங்க?"

அவன் கழற்றிய சட்டையை எட்டி எடுத்தான்.

"கேக்கேன்லா?"

"நீ போயி அஞ்சாவது வருஷம். ஏணியில வழுக்கிட்டு. பெல்ட் பிடிச்சுக்கிட்டு, கீழ போகல. தோளு மட்டும் இளகிப் போச்சு. ரெண்டு மாசம் வீட்டுல இருந்தேன்."

"ரெண்டு மாசமும் எனக்கிட்ட போன்ல பேசினீங்க?"

"பேசினேன்."

"என்ன சொன்னீங்க?"

"சுகம்னு சொன்னேன்."

சுனிதா ஒரு துண்டை மடித்து அவன் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினாள். முடிச்சைக் கொஞ்சம் பலமாகவே போட்டாள். "வேற என்னல்லாம் இருக்கு? இப்பவே சொல்லிருங்க."

கிருஷ்ணமணி கொல்லையைப் பார்த்தான். இரைகிற காற்றில் ஒன்பது செடிகளும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றன. வாசம் படி வரைக்கும் வந்தது.

"அது உனக்க செடி இல்ல" என்றான். அவள் பேச்சு அவனுக்கு ஒட்டிக்கொண்டது அவனுக்கே தெரியவில்லை. "உனக்க செடி ஒம்பதையும் நான் கொன்னுட்டேன். தண்ணி ஊத்தி ஊத்தியே கொன்னுட்டேன். இது கொடைக்கானல்லேருந்து வாங்கிட்டு வந்தது."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"வந்த அன்னைக்கே தெரியும். இது ஜெரேனியமே இல்ல."

"ஜெரேனியம்னுதானே குடுத்தா அந்த அம்மா?"

"கடையில எல்லாரும் அப்படித்தான் சொல்லுவா. இதுக்க நெசப் பேரு பெலர்கோனியம். ரெண்டும் சொந்தந்தான், பெரியப்பா மக்கா சித்தப்பா மக்கான்னு வச்சுக்கிடுங்க. அது குளிருக்குள்ளது. இது ஆப்பிரிக்காவுல காஞ்ச மண்ணுல நிக்கக்கூடியது. காத்தும் வெயிலும் வேணும். அதான் ஜன்னல் வெட்டச் சொன்னேன்."

"பிறகு ஏன் நீ ஒண்ணும் சொல்லல?"

சுனிதா படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கொடைக்கானல் வரைக்கும் போயி சுமந்துட்டு வந்த மனுஷங்கிட்ட என்ன சொல்ல? குச்சியைக்கூட நம்பர் மாத்தாம குத்தி வச்சிருந்தீங்க. அதைப் பாத்து எனக்குச் சிரிப்பு வந்துட்டு. பிறகு அழுகை வந்துட்டு. வெளிய வந்து உங்க மொகத்தைப் பாத்ததும் கோவமும் வந்துட்டு. நீங்களாட்டு சொல்லட்டும்னு இருந்தேன். ஒரு மாசம் ஆச்சு."

புளியமரத்தில் தாள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றாள் அவள். "அந்தச் செடி எனக்க வீட்டுக்குப் பின்னால நின்னதுன்னு சொன்னேன்லா? எனக்கு அங்க வீடும் இல்ல, கொல்லையும் இல்ல. ஒரு ரூமு. நானும் குளச்சல்காரி ஜெஸ்மியும். நான் போயி ரெண்டாவது வருஷம் குளிரு தொடங்கினதும் என்னால கட்டில்லேருந்து எந்திரிக்க முடியல. காய்ச்சல் இல்ல, ஒண்ணும் இல்ல. கை கால் எல்லாம் இருக்கு, எந்திரிக்கத்தான் முடியல. ஏழு மாசம் வேலைக்கே போகல. டாக்டர் மருந்து தந்தாரு. ஜெஸ்மி கஞ்சி வச்சுத் தருவா, அவளே தலை சீவி விடுவா. உங்க போன் வந்தா மட்டும் எந்திரிச்சு உக்காருவேன். மொகத்தைத் தொடச்சிட்டு 'சுகம்'னு சொல்லுவேன். வச்ச பிறகு மறுபடி படுத்துக்கிடுவேன்."

கிருஷ்ணமணிக்கு அந்த வருஷம் நினைவிருந்தது. அவள் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாமல் போனை வைக்கிறாளே என்று அவனுக்கு மனத்தாங்கல். அங்கே போன பிறகு உனக்கு எங்க நினைப்பே இல்லை என்று ஒருநாள் சொல்லியும் இருக்கிறான்.

"அப்பதான் நான் உன்னை அப்படிச் சொன்னது" என்றான்.

"அப்பதான்."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா என்ன செய்திருப்பீங்க? திரும்பி வான்னு சொல்லியிருப்பீங்க. வந்திருப்பேன். வரக்கூடாதுன்னு இருந்தேன்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஜூன் மாசம் ஒரு நாளு ஜெஸ்மி என்னைப் பிடிச்ச பிடியில வெளிய கூட்டிட்டுப் போனா. 'ஏட்டி, பத்தடி நட, அது போதும்'னா. ரயில்வே வேலி ஓரமா நீலமா பூத்துக் கெடக்கு. குளிருல அந்த எடத்தை நான் ஜன்னல் வழியா பாத்திருக்கேன், வெறும் சேறு. என்னைக்கு இது வந்துதுன்னு கேட்டேன். 'இது எப்பவும் இங்கதான் இருக்கு'ன்னா. மறுநாளும் போனேன். பிறகு தினமும் போனேன். அங்க பொறுக்கின விதைதான் அது."

கிருஷ்ணமணி கட்டுப்போடாத கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "நான் அதைத்தானே அழுகப் போட்டுட்டேன்" என்றான்.

"அது இஞ்ச நிக்காதுன்னு எனக்கும் தெரியும். நீங்க தண்ணி ஊத்தாட்டாலும் அடுத்த சித்திரையில போயிருக்கும். ஆசைக்கு வச்சேன்." அவள் எழுந்தாள். "எந்திரிங்க. தோளுக்கு எக்ஸ்ரே எடுக்கணும்."

எலும்பு முறியவில்லை, தசைதான் கிழிந்திருந்தது. மூன்று வாரம் ஏணி ஏறக்கூடாது என்று நாகர்கோயிலில் டாக்டர் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் வேலை எதுவும் இல்லாமல் மூன்று வாரம் ஒரே வீட்டில் இருந்தது அதுதான் முதல் தடவை. முதல் நான்கு நாள் சின்னச் சின்னச் சண்டையிலேயே போயிற்று. அவன் பேப்பரைச் சத்தம் போட்டு வாசித்தான். அவள் ரேடியோவை நிறுத்தினாள். அப்புறம் பேச்சு தானாக வந்தது. ஸ்காட்லாந்தில் அவள் தங்கிய ஒவ்வொரு ரூமைப் பற்றியும் அவன் கேட்டான். இளகிய தோளோடு அந்த இரண்டு மாதம் அவன் தனியாகச் சமைத்துச் சாப்பிட்ட லட்சணத்தை அவள் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். ஒரு தடவை சிரிப்பு பாதியில் நின்று அழுதாள். அஸ்வதிக்குப் போன் போட்டு இரண்டு பேரும் எல்லாவற்றையும் சொன்னார்கள். அந்தப் பெண், "அப்பாவுக்க தோளு எனக்குத் தெரியும். பெரியம்மாதான் வாயை மூடுன்னா" என்றாள்.

கூட்டுக்கு மறுபடி தாள் போடவில்லை. அவன் ஒற்றைக் கையால் இடம் காட்ட, சுனிதா மேற்கு மதிலோரம் மண்ணோடு சரளையைக் கலந்து மேடு கட்டி, ஒன்பது செடிகளையும் தொட்டியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். ஊரில் மற்ற செடிகளெல்லாம் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கிற அந்தக் காற்றில் இவை குட்டையாகப் புதர் பிடித்து நன்றாகத் தழைத்தன. மீதியிருந்த நீலப்பூ விதைகளை என்ன செய்வது என்று யோசித்து, கொடைக்கானல் நர்சரி அம்மாளின் எண்ணைத் தேடிப் பிடித்து, முளைக்கவைக்கிற முறையை எழுதி கூரியரில் அனுப்பினார்கள். நவம்பரில் அவள் கூப்பிட்டாள். ஏழு முளைத்திருக்கின்றன, ஆனால் ரொம்ப மெதுவாக வளர்கின்றன என்றாள். பூக்குமா என்று தெரியவில்லை.

தை மாதம் வாக்கர் இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்ட தாணம்மாள் ஆரல்வாய்மொழிக்கு வந்தாள். அவளுக்குச் சாமிக்கு மாலை வாங்க வேண்டுமென்று தோவாளைப் பூச்சந்தைக்கு மூன்று பேருமாகப் போனார்கள். சுனிதா ஒரு கொத்து இலையை ஒடித்துக் கையில் வைத்திருந்தாள், சும்மா மோந்துகொண்டே வருவதற்கு. மாலை கட்டிக்கொண்டிருந்த சத்தியராஜ் என்பவர் தலையைத் தூக்கினார்.

"ரோஜா வாசம் அடிக்கி, ரோஜாவைக் காணோம். என்னம்மா இலை அது?"

கிருஷ்ணமணி முந்திக்கொண்டான். "பெலர்கோனியம் அண்ணாச்சி. எல்லாரும் ஜெரேனியம்னு சொல்லுவாங்க, ஆனா அது வேற. ரெண்டும் சொந்தந்தான். இதுக்குத் தண்ணி ரொம்ப ஆகாது."

சுனிதா தன் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். தாணம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வாயில நொழையற பேரா சொல்லும் வே" என்றார் சத்தியராஜ். அதற்குள் அவர் கை அந்தக் கொத்தை வாங்கி, மரிக்கொழுந்து வைக்கிற இடத்தில் இரண்டு இலை வைத்துக் கட்டிப் பார்த்தது. மாலையைத் தூக்கிப் பிடித்து முகர்ந்தார். பக்கத்துக் கடைக்காரரிடம் நீட்டினார். அவரும் முகர்ந்துவிட்டுத் தலையாட்டினார்.

"வெள்ளிக்கிழமைக்குப் பத்துக் கட்டு கெடைக்குமா தாயி?"

"ஒம்பது செடிதான் அண்ணாச்சி நிக்கி. பத்துக் கட்டு வெட்டினா மொட்டையாப் போயிரும்" என்றாள் சுனிதா. "மூணு கட்டு தாரேன். கம்பை ஒடிச்சு வச்சா வேரு பிடிக்கும். ஆடிக்கு வாங்க, அப்ப கேளுங்க."

"மூணாச்சும் தா. தண்ணி தெளிச்சுக் கொண்டு வரண்டாம், காஞ்சே இருக்கட்டும்."

திரும்பும் வழியில் தாணம்மாளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, இரண்டு பேரும் மண்பாண்டக் கடையில் நின்றார்கள். கிருஷ்ணமணி இருபது தொட்டி போதும் என்றான். சுனிதா நாற்பது என்றாள். கடைசியில் முப்பது எடுத்தார்கள். அவன் குனிந்து தூக்கப் போனபோது அவள் அவனுடைய வலது கையைத் தட்டிவிட்டாள்.

"அந்தக் கையால தூக்காதீங்க. வலிக்கா?"

"வலிக்கி" என்றான் கிருஷ்ணமணி. "காலையிலேருந்தே வலிக்கி."

"அப்ப தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் தொட்டிகளை ஒவ்வொன்றாக இன்னொரு ஆட்டோவில் அடுக்கத் தொடங்கினாள்.